ஈஸ்ட் கலப்புச் சோதனை வழியாக மரபியல் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு ஈஸ்டையும் வெள்ளை ஈஸ்டையும் இணையவிட்டு, அவற்றின் பிள்ளைகள் என்ன நிறம், பேரப்பிள்ளைகள் என்ன நிறம் என்று எண்ணிப் பார்க்கும் சோதனை இது. மேல்நிலை வகுப்பு மாணவர்களோடும் கல்லூரி முதலாண்டு மாணவர்களோடும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மரபியல் என்றாலே மெண்டலின் பட்டாணிதானே, ஈஸ்ட் எதற்கு?

மெண்டலைக் கைவிடச் சொல்லவில்லை. 1865-இல் அவர் பேசியதும் 1866-இல் அச்சில் வந்ததும் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆனால் அவரிடமிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்வது 'மூன்றுக்கு ஒன்று' என்ற விகிதத்தை மட்டும்தான். 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள் என்று படிக்கிறார்கள், கட்டம் போட்டு விடை எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் மூன்றுக்கு ஒன்று என்பது விதி அல்ல, விதியின் விளைவு. பெற்றோரிடம் ஒரு மரபணுவுக்கு இருக்கும் இரண்டு பிரதிகளும் பிரிந்து, பாலணுக்களில் (விந்து, முட்டை போன்ற இனப்பெருக்கச் செல்களில்) சரிபாதிக்கு ஒன்றும் மறுபாதிக்கு மற்றதும் போய்ச் சேருகின்றன. விதி அவ்வளவுதான். அந்தப் பாலணுக்கள் தற்செயலாகச் சேர்ந்து, ஒரு பண்பு இன்னொன்றை மறைக்கும்போதுதான் மூன்றுக்கு ஒன்று வருகிறது. பட்டாணியில் ஒரு மகரந்தத் துகளைப் பார்த்து 'இது சுருங்கிய விதைக்கான பிரதியைச் சுமக்கிறது' என்று சொல்ல முடியாது. அது கண்ணுக்கு மறைவாகவே நடந்து முடிந்துவிடுகிறது.

ஈஸ்டில் அது மறைவதில்லை. பாலணுவுக்கு ஈடான செல் தானாகவே பெருகிக் காலனியாக வளர்ந்து, தன்னிடம் இருப்பதை நிறமாகக் காட்டிவிடும். ஒன்றுக்கு ஒன்று என்பதைக் கட்டம் எதுவும் போடாமல் தட்டிலேயே எண்ணலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஈஸ்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வேகம் அடுத்த வசதி. நல்ல ஊடகத்தில் (ஈஸ்ட் வளரும் உணவுக் கலவையில்), 30 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒற்றைச் செல் இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியும் காலனியாகிவிடும்.

ஈஸ்டில் ஆண், பெண் உண்டா?

இல்லை, இரண்டு இணைவகைகள்தான் உண்டு: 'ஏ', 'ஆல்பா'. ஒரே அளவு, ஒரே வடிவம். ஏ செல்லும் ஆல்பா செல்லும் இணையும். ஏ-யும் ஏ-யும் இணையாது. மாணவர்கள் உடனே ஆண், பெண் என்று பெயர் சூட்டிவிடுவார்கள். அதை அங்கேயே திருத்திவிடுவது நல்லது, ஏனென்றால் இங்கே சிறிய பாலணு, பெரிய பாலணு என்ற வேறுபாடு கிடையாது. இரண்டு செல்களும் சமமாகவே கொடுக்கின்றன.

செல்கள் ஒன்றையொன்று அறிவது வேதிச் சைகையால். ஒவ்வொரு வகையும் தனக்கென ஒரு பெரோமோனை வெளியிடும். எதிர்வகையின் பெரோமோன் பட்டதும் செல் பெருகுவதை நிறுத்திவிட்டு, சைகை வரும் திசையில் மூக்குப் போல நீளும். அந்த வடிவத்துக்கு ஆய்வாளர்கள் வைத்த செல்லப் பெயர் 'ஷ்மூ'.

ஒற்றைமயம், இரட்டைமயம் என்பதை எப்படி விளக்குவது?

ஒற்றைமயச் செல்லில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு பிரதி. இரட்டைமயச் செல்லில் இரண்டு. ஈஸ்டில் ஒற்றைமயமாக இருந்தால் 16 குரோமோசோம்கள், இரட்டைமயமாக இருந்தால் 32. நம் உடலில் ஒற்றைமயம் என்பது பாலணுவில் மட்டும் வந்துபோகும் குறுகிய கட்டம். ஈஸ்டோ இரண்டு நிலையிலும் நாள்கணக்கில் வாழ்ந்து பெருகும். டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஓயிவிண்ட் விங்கே 1935-இல் இந்த மாறி மாறி வரும் வாழ்க்கையைத் தெளிவாகக் காட்டினார். ஈஸ்ட் மரபியலின் கதவு அங்கிருந்துதான் திறந்தது.

சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம். ஈஸ்டின் இயல்பான நிறம் வெண்மை கலந்த பாலாடை நிறம். அடினின் என்ற பொருளைச் செல் தனக்குத் தானே படிப்படியாகத் தயாரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. 'ஏடிஇ2' என்ற மரபணு கெட்டுப்போனால் அந்தப் படிக்கான நொதி இல்லை. வாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால் அதற்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்குமே, அதுபோல முந்தைய படியின் விளைபொருள் செல்லுக்குள் தேங்குகிறது. ஆக்சிஜன் பட்டு அது சிவப்பு நிறமியாக மாறி, செல்லின் நுண்குமிழ்ப் பையில் சேர்கிறது.

ஆகவே 'சிவப்புக்கான மரபணு' என்று ஒன்று கிடையவே கிடையாது. சிவப்பு என்பது ஒரு மரபணு வேலை செய்யாததன் அடையாளம். இதைப் புரிந்துகொண்ட மாணவர் அதற்கப்புறம் 'நோய்க்கான மரபணு' என்ற சொல்லையும் நின்று யோசித்துத்தான் படிப்பார்.

ஒரு செய்முறைக் குறிப்பு: ஊடகத்தில் அடினின் தாராளமாக இருந்தால் செல் தானே தயாரிக்க முனையாது, எதுவும் தேங்காது, சிவப்பும் வராது. அறவே இல்லாவிட்டால் இந்த ரகம் வளரவே வளராது. குறைவாக இருக்க வேண்டும், ஆனால் இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்ட் போதாதா?

போதாது. இனம் ஒன்றுதான், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஆனால் கடை ஈஸ்ட் பெரும்பாலும் இரட்டைமயமாகவோ அதற்கு மேற்பட்ட பிரதிகளோடோ இருக்கும். அதன் ஸ்போர்கள் (பட்டினியில் உருவாகும், விதைபோன்ற ஒற்றைமயச் செல்கள்) முளைத்தாலும் இயற்கை ஈஸ்ட் பலவற்றில் உள்ள ஒரு நொதி செல்லின் இணைவகையையே மாற்றிவிடும். தாய்ச்செல் எதிர்வகையாக மாறி, தன் சந்ததியோடே இணைந்து, நாம் கவனிப்பதற்குள் மீண்டும் இரட்டைமயமாகிவிடும். சோதனைக்கு இணைவகை மாறாத ஆய்வக ரகங்கள் வேண்டும். கல்விக்கென்று ரகங்களைத் தரும் சேகரிப்பு நிலையங்களிலோ, அருகில் ஈஸ்ட் ஆய்வு நடக்கும் பல்கலைக்கழகத் துறையிலோ கேட்டுப் பெறலாம். கேட்கும்போது இணைவகையையும் எந்த மரபணு கெட்டது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த இரண்டு ரகங்களோடு தொடங்கலாம்?

ஏ வகையில் ஏடிஇ2 கெட்ட சிவப்பு ரகம் ஒன்று, ஆல்பா வகையில் 'டிஆர்பி5' கெட்ட வெள்ளை ரகம் ஒன்று. முதலாவதற்கு அடினின் ஊட்ட வேண்டும், இரண்டாவதற்கு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை ஊட்ட வேண்டும். சர்க்கரையும் உப்புகளும் வைட்டமின்களும் மட்டுமே உள்ள குறைந்தபட்ச ஊடகத்தில் இரண்டுமே வளராது. இணைந்து பிறந்த பிள்ளை மட்டும் அதில் வளரும், ஏனென்றால் ஒருவரின் குறையை மற்றவர் ஈடுகட்டிவிடுகிறார். இணைதல் நடந்ததா இல்லையா என்று சந்தேகப்படவே இடமில்லாத ஏற்பாடு இது.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

அன்றாட வேலை இருபது நிமிடம்தான், ஆனால் மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் பெற்றோர் ரகங்களைத் தட்டில் கோடிட்டு வளர்ப்பது, கலப்பது, பிள்ளையைக் குறைந்தபட்ச ஊடகத்துக்கு மாற்றுவது. இரண்டாம் வாரம் முழுக்க ஸ்போர் உருவாகக் காத்திருப்பது. மூன்றாம் வாரம் ஸ்போர்களைப் பரப்பி, காலனிகளை எண்ணுவது. சிவப்பு நன்றாகத் தெரிய மூன்று நான்கு நாள் பிடிக்கும், அவசரப்பட்டு இரண்டாம் நாளே எண்ணிவிடக் கூடாது.

கலந்தவுடன் நுண்ணோக்கியில் என்ன தெரியும்?

இரண்டு ரகத்தையும் புதிய தட்டில் ஒரு துளி நீரோடு குழைத்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் நீண்ட மூக்குடன் ஷ்மூக்கள் தென்படும். நான்கு மணி நேரத்தில் இரண்டு செல்கள் ஒட்டி, நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய உருவங்கள் தெரியும். அந்த இடுப்பிலிருந்து ஒரு மொட்டு கிளம்பியிருந்தால் அதுதான் முதல் இரட்டைமயப் பிள்ளை. கருவுறுதல் என்ற சொல்லைப் பல வருடம் எழுதிய மாணவர்கள் அதை நேரில் காணும் நேரம் இது; கண்ணை எடுக்க மனம் வராமல் பார்ப்பார்கள். பள்ளி நேரத்துக்குள் இது அடங்காவிட்டால் காலையில் நீங்களே கலந்து வைத்துவிட்டு மதியம் காட்டுங்கள்.

பிள்ளைகள் எல்லாம் வெள்ளை. சிவப்பு அழிந்துவிட்டது என்கிறார்களே?

தட்டைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் கணிப்பை எழுதச் சொல்லுங்கள். கணிசமானவர்கள் இளஞ்சிவப்பு என்று எழுதுவார்கள். சாயம் கலப்பது போன்ற எண்ணம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. வெள்ளையைப் பார்த்ததும் 'சிவப்பு போய்விட்டது' என்பார்கள். நீங்கள் மறுத்துப் பேச வேண்டாம். 'போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா, எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அடுத்த தலைமுறையைப் பார்க்க வேண்டும் என்ற விடை வகுப்பிலிருந்தே வரும்.

மற்றதை மறைக்கும் ஓங்கு பண்பு ஏன் ஓங்குகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதுமான நொதி உருவாகிறது, எதுவும் தேங்குவதில்லை. கெட்ட பிரதியை யாரும் அடக்கவில்லை. அது தோற்கவும் இல்லை. அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்போர்களை எப்படி வரவழைப்பது?

பட்டினி போட வேண்டும். நைட்ரஜன் இல்லாத, பொட்டாசியம் அசிட்டேட் உள்ள ஊடகத்துக்கு மாற்றினால் இரட்டைமய ஈஸ்ட் குன்றல் பகுப்புக்குள் (பிரதிகளைப் பாதியாக்கும் செல் பகுப்புக்குள்) போகும். மூன்று முதல் ஐந்து நாளில் ஒரு செல்லுக்குள் நான்கு ஸ்போர்கள் உருவாகி, ஒரு பைக்குள் நான்கு கோலிக்குண்டுகளைக் கட்டிப் போட்டதுபோல் இருக்கும். ஒரே குன்றல் பகுப்பின் நான்கு விளைவுகளும் ஒன்றாக ஒரே பையில். எல்லாச் செல்லும் ஸ்போராகாது. இதை நினைவில் வையுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று வரவில்லை. என்ன தவறு?

நான் முதன்முதலாகச் செய்த ஆண்டில் எங்கள் தட்டுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெள்ளையாக வந்தது. வகுப்பே மகிழ்ந்துபோனது: 'மெண்டலின் விகிதம்!' நானும் ஒரு நாள் முழுக்க அப்படியே நம்பினேன். அது தவறு. ஸ்போர் என்பது ஒற்றைமயம். அதில் ஒரே பிரதிதான், மறைப்பதற்கு இன்னொன்று இல்லை. பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்றுதான் வர வேண்டும். மூன்றுக்கு ஒன்று வந்தால் சோதனையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டை இரண்டு. ஸ்போராகாமல் மிஞ்சிய இரட்டைமயச் செல்கள் எல்லாம் வெள்ளைக் காலனிகளாக வளர்ந்து கணக்கில் புகுந்துவிடும். அப்புறம், ஒரே பையில் இருந்து பிரியாமல் பரவிய ஸ்போர்கள் முளைத்தவுடன் தங்களுக்குள்ளேயே இணைந்து மறுபடி பெரும்பாலும் வெள்ளை இரட்டைமயமாகிவிடும். இரண்டும் வெள்ளையின் பக்கமே கணக்கைச் சாய்க்கின்றன.

சரிசெய்வது எப்படி? பைச்சுவரைக் கரைக்கும் நொதி சேர்த்து நன்றாகக் குலுக்கிப் பிரித்து, பிறகு இளஞ்சூட்டில் வைத்துச் சாதாரணச் செல்களைக் கொல்லலாம். ஸ்போர்கள் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். 55 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உங்கள் ரகத்துக்கு எத்தனை நிமிடம் சரி என்பதை முன்கூட்டியே நீங்கள் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகங்களில் ஈதரும் பயன்படுத்துவார்கள். எளிதில் தீப்பிடிப்பது, வகுப்பறைக்கு வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் விகிதம் கொஞ்சம் விலகினால்?

எவ்வளவு விலகல் என்பதோடு எத்தனை காலனியில் விலகல் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு மாணவரின் தட்டில் 20 காலனி, அதில் 6 சிவப்பு, 14 வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். கை-வர்க்கச் சோதனையின் (விலகல் தற்செயலா என்று அளக்கும் புள்ளியியல் கணக்கின்) மதிப்பு 3.2. ஐந்து விழுக்காட்டு நிலையில் எல்லை 3.84. அதாவது தற்செயலாலேயே இப்படி வரக்கூடும். இதே விகிதம் வகுப்பு முழுவதும் சேர்ந்த 200 காலனியில் வந்தால், 60 சிவப்பு, 140 வெள்ளை, மதிப்பு 32-க்குத் தாவிவிடும். அப்போது 'தற்செயல்' என்று தப்பிக்க முடியாது, ஓட்டையைத் தேடியாக வேண்டும். மாணவர்கள் தங்கள் தட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் எல்லாருடைய எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டுவது இதனால்தான் அவசியம்.

ஒரு வேண்டுகோள்: விகிதம் வராத மாணவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த ஆண்டு எல்லாத் தட்டிலும் அழகான விகிதம் வரும், எண்ணாமலேயே.

இரண்டு பண்புகளையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

முடியும். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. டிரிப்டோபான் தேவையைக் கண்டறிய, அந்தக் காலனிகளை வெல்வெட் துணியால் ஒற்றி, டிரிப்டோபான் இல்லாத தட்டில் பதிக்க வேண்டும். வளராதவை டிஆர்பி5 கெட்டவை. இரண்டு மரபணுக்களும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் பிரிவதால் நான்கு வகையும் சமமாக, ஒவ்வொன்றும் கால் பங்கு வரும். பட்டாணியின் 9:3:3:1 என்ற சிக்கலான எண்வரிசைக்கு அடியில் இருப்பது இந்த எளிய 1:1:1:1 தான். இதைப் பார்த்தவர்களுக்கு அது மனப்பாடமாக இருப்பதில்லை.

இரண்டு சிவப்பு ரகங்களைக் கலந்தால் வெள்ளை வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, வேறு வேறு மரபணு கெட்ட ரகங்களாக இருந்தால். ஏடிஇ2-க்கு அடுத்த படியைச் செய்வது ஏடிஇ1. அது கெட்டாலும் காலனி சிவப்புதான். இரண்டையும் கலந்தால் ஒவ்வொருவரும் மற்றவரிடம் இல்லாத நல்ல பிரதியைக் கொண்டுவருவதால் பிள்ளை வெள்ளை. இரண்டிலும் ஒரே மரபணு கெட்டிருந்தால் பிள்ளையும் சிவப்பாகவே இருக்கும். பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குறைகள் ஒரே மரபணுவிலா, வேறு மரபணுவிலா என்று அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வெள்ளைப் பிள்ளையின் ஸ்போர்களை எண்ணுங்கள். மூன்று பங்கு சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை வரும்! இப்போது வகுப்பைக் கேளுங்கள், இது மெண்டலின் மூன்றுக்கு ஒன்றா? இல்லை. இங்கே சிவப்பு மூன்று வகை: ஏடிஇ1 மட்டும் கெட்டது, ஏடிஇ2 மட்டும் கெட்டது, இரண்டும் கெட்டது. இரண்டுமே நன்றாக இருக்கும் நான்காவது வகை மட்டும் வெள்ளை. எண் ஒன்றுதான், காரணம் வேறு. விகிதத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே சறுக்குவார், பிரிதலைப் புரிந்தவர் சறுக்கமாட்டார். தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

சிவப்புக் காலனியில் வெள்ளைத் திட்டுகள். அசுத்தமாகிவிட்டதா?

இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இல்லை. தேங்கும் பொருள் செல்லுக்குச் சுமை. அதனால் புதிதாக ஒரு திடீர்மாற்றம் ஏற்பட்டு முந்தைய படி ஒன்று அடைபட்டால் சிவப்பு நின்று, அந்தச் செல் சற்று வேகமாக வளரும். இன்னொரு காரணம், செல்லின் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ சேதமாவது. சுவாசிக்க இயலாத செல்லில் நிறமி உருவாகாது, காலனியும் சிறுத்திருக்கும். மரபியலாளர் போரிஸ் எஃப்ருசி 1940-களின் இறுதியில் ஆராய்ந்த 'பெட்டீட்' வகை இது. கிளிசரால் மட்டுமே உணவாக உள்ள தட்டில் வளராது என்பதை வைத்து உறுதிசெய்யலாம். மெண்டலின் விதிக்குக் கட்டுப்படாத மரபும் உண்டு என்று காட்ட, தானாக வந்து நிற்கும் உதாரணம், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பானதா?

ஆம். நலமுள்ளவர்களுக்கு நோய் தராத உயிரி இது. நோய் எதிர்ப்பு மிகக் குறைந்த மாணவர் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எரிசாராயமும் தீயும் ஒரே மேசையில் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. அங்கே நீங்கள் நிற்க வேண்டும்.

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இல்லை. பரவாயில்லையா?

எடையிட்ட பிரஷர் குக்கர் ஊடகம் தயாரிக்கப் போதும். முழு அழுத்தம் வந்தபின் 15 முதல் 20 நிமிடம்.

ஈஸ்டில் பார்த்தது மனிதருக்குப் பொருந்துமா?

குன்றல் பகுப்பும் பிரிதலும் அப்படியே பொருந்தும். ஈஸ்டின் முழு மரபணுத்தொகை 1996-இல் படித்து முடிக்கப்பட்டது, உட்கரு உள்ள உயிர்களில் அதுவே முதல். சுமார் 6,000 மரபணுக்கள். அவற்றில் பலவற்றுக்கு நம்மிடம் உறவுகள் இருக்கின்றன. செல் எப்போது பிரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை லேலண்ட் ஹார்ட்வெல் இதே ஈஸ்டில்தான் கண்டுபிடித்தார். 2001-இன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் உயரம், தோல் நிறம் போன்றவை பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து உருவாக்குபவை. 'எனக்கு அப்பா நிறம் ஏன் வரவில்லை?' என்று மாணவர் கேட்டால் சிவப்பு ஈஸ்டைக் காட்டி விடை சொல்லிவிடாதீர்கள்.

எண்ணி முடித்த தட்டுகளை என்ன செய்வது?

உடனே அழிக்க வேண்டாம். மூடியை ஒட்டி, உணவு வைக்காத குளிர்பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள், குளிரில் சிவப்பு இன்னும் அடர்த்தியாகும். முன்பு வெள்ளை என்று எண்ணிய சிலவற்றில் லேசான சிவப்பு ஏறியிருக்கும், அவற்றை மறுபடி எண்ணித் திருத்துங்கள். அதன்பின் குக்கரில் வைத்தோ, ப்ளீச் கரைசலில் ஊறவைத்தோ அழித்துவிடலாம். பெற்றோர் ரகங்களை மட்டும் சாய்வு அகார் குழாயில் எடுத்து, இணைவகையையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அவற்றிலிருந்தே தொடங்கலாம்.